ஏழு மாதத்துக்கு ஒரு பிறந்தநாள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கலப்படக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைச் சொல்கிற அதே வார்த்தைதான். ஆனால் இவள் கலப்பது கிரகம். இல்லாத கிரகங்களைச் செய்து, இருக்கிற நட்சத்திரங்களின் வெளிச்சக் கணக்கில் காதும் காதும் வைத்த மாதிரி கலந்துவிடுவாள். இதற்கு மாதச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். பூமியைப் போல இன்னொரு பூமி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் அந்த நிலையத்தின் வேலை. விண்ணில் ஒரு தொலைநோக்கி ஆண்டுக்கணக்கில் வானத்தின் ஒரே மூலையைப் பார்த்தபடி, லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கிரகம் கண்ணுக்குத் தெரியாது. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி மங்கும், அவ்வளவுதான். பூமி அளவு கிரகம் என்றால் பத்தாயிரம் விளக்கு எரிகிற ஊரில் ஒரு விளக்கு அணைந்த மாதிரி. அதைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மங்கினால் போதாது, அதே இடைவெளி விட்டு மறுபடி மறுபடி மங்க வேண்டும்.

சந்தேகப்படும்படியானதை முதலில் இயந்திரம் பொறுக்கி எடுக்கும். பிறகு கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட அறையில் சரிபார்ப்பவர்கள் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று மூன்று பேராகப் பார்ப்பார்கள். பார்த்து மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: கிரகம், சந்தேகம், இல்லை. பெரும்பாலும் இல்லைதான். நட்சத்திரத்தின் மேல் கறையாக இருக்கும், அல்லது இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்து விளையாடுவதாக இருக்கும். சில நேரம் கருவிக்கே விக்கல் எடுத்திருக்கும்.

இங்கேதான் கலப்படக்காரி வருகிறாள். அரிசியைச் சலிக்கிற சல்லடையில் எத்தனை கல் தப்பிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால், நாமே கொஞ்சம் கல்லை எண்ணிப் போட்டுச் சலித்துப் பார்க்க வேண்டும். அவள் போடுகிற போலிக் கிரகங்களில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள், எத்தனையைக் கோட்டைவிடுகிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மையான கிரகங்களில் எத்தனை தப்பிப் போயிருக்கும் என்று சொல்ல முடியும். வானத்தில் மொத்தம் எத்தனை பூமி என்ற கணக்கே அதன் மேல்தான் நிற்கிறது. எது போலி என்ற விவரம் கணினியில் ஒரு பூட்டிய கோப்பில் இருக்கும். அதைப் பெட்டி என்பார்கள். ஒரு கடவுச்சொல் அவளிடம், இன்னொன்று தலைவியிடம். சரிபார்க்கிற சுற்று முடிகிற வரை அவளே நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது.

அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாடம் நடத்துவதில் சுமார், கேள்வித்தாள் எடுப்பதில் எமகாதகி. பிள்ளைகள் எந்த இடத்தில் தப்புப் பண்ணுவார்கள் என்று யோசித்து, அந்தத் தப்பான விடையையே அழகாக இரண்டாவதாகப் போட்டு வைத்திருப்பாள். அப்படி ஒரு தாளை எழுதிவிட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போன பெண்களில் நிலையத்துத் தலைவியின் மகளும் ஒருத்தி. தலைவி அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். மகளுக்கு ஆறுதல் சொல்ல மறந்தே போய்விட்டார். மறுவாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, இதை எடுத்தவர் யார் என்று கேட்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவள் கணவர் ஏற்கெனவே அந்த நிலையத்தில் சரிபார்ப்பவர்.

"வீட்ல வாயைக் கட்டிப்போட முடியுமா உங்களால?" என்று தலைவி கேட்டார்.

"என் பொண்ணு அதே ஸ்கூல்லதான் மேடம் படிச்சா. ஒரு தடவைகூட என்கிட்டேருந்து ஒரு கேள்வி அவளுக்குப் போனதில்லை. வேணும்னா அவ மார்க்கைப் பாருங்க."

மார்க்கைப் பார்த்துவிட்டுத் தலைவி வேலை கொடுத்துவிட்டார். அவளுக்கு மேல்தளம், கணவருக்குக் கீழ்த்தளம். சுற்று நடக்கிற மாதங்களில் அவள் சரிபார்ப்பவர்களோடு சாப்பிட உட்காருவதில்லை, கணக்குப் பிரிவு ஆட்களோடு உட்கார்ந்து அவர்களுடைய மருமகள் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் ஆபீஸ் பேச்சே கிடையாது. ஆண்டுகள் ஓடின, அவள் வாயிலிருந்து மூச்சு வரவில்லை. வாயைப் பற்றி மட்டும்தானே கேட்டார்கள்.

அந்தக் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமைசாலி. மற்றவர்கள் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுகிற வெளிச்சத்தின் வரைகோட்டை அவர் சாய்த்துப் பார்த்து, நிமிர்த்திப் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பார். இருந்தும் ராசி இல்லை. அவர் கண்டுபிடித்ததில் உருப்படியாக நின்றது ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தது ஒன்று கறையாகிவிடும், இன்னொன்று இரட்டை நட்சத்திரமாகிவிடும். மிச்சம் இருந்த அருமையானவை எல்லாம் பெட்டியைத் திறக்கும்போது அவர் மனைவி செய்ததாகிவிடும். அப்போதெல்லாம் அறையே கூடிக் கேலி செய்யும்: "என்ன சார், இதுவும் வீட்டுச் சமையல்தானா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்று சாயங்காலம் மட்டும் ஒரு கரண்டி சோறு குறைவாகப் போட்டுக்கொள்வார். அவளுக்கு அது தெரியும்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய தூரத்தில், கொதித்துப் போகாமல் உறைந்து போகாமல், பூமி அளவில் ஒரு கிரகம். அதை முதலில் பார்த்தது தானாக இருக்க வேண்டும். பேராசை என்று சொல்ல முடியாது, அங்கே எல்லாருக்கும் இருந்த ஆசைதான். ஆனால் தொலைநோக்கிக்கு எரிபொருள் தீரப்போகிறது, இதுதான் கடைசிச் சுற்று என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிச் சுற்றின் நடுவில் ஒரு காலை, குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அவளும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பாடி அந்த வீடு கேட்டதில்லை. ராகம் என்று சொல்ல முடியாது, ஒரு மாதிரியான முனகல். தலை துவட்டிக்கொண்டே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"ஒரு ஊர்ல ஏழு மாசத்துக்கே ஒரு வருஷம் முடிஞ்சுடும்னு வை. உனக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் கல்லூரியில் கடைசி வருடம். "முப்பதைத் தாண்டியிருப்பேன். நல்லவேளை அந்த ஊர்ல பொறக்கலை."

"ஆனா ஏழு மாசத்துக்கு ஒரு பிறந்தநாள் வரும்."

"அப்போ ஏழு மாசத்துக்கு ஒரு தடவை டிரஸ் எடுத்துக் கொடுக்கணும். சம்பளம் பத்துமாப்பா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆபீஸ் பேச்சு பேசவில்லைதான், பிறந்தநாளைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அடுப்படியில் நின்றிருந்த அவள் கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள்.

அந்தச் சுற்றில் அவள் ஒரே ஒரு கிரகத்தை ஆசை ஆசையாகச் செய்திருந்தாள். பூமியைவிடக் கொஞ்சம் பெரிது. நம் சூரியனைவிடச் சிறிய, ஆரஞ்சு நிற நட்சத்திரம், அதனால் கொஞ்சம் நெருங்கிச் சுற்றினாலும் வெயில் இதமாக இருக்கும். அதன் ஒரு வருடம் ஏறக்குறைய ஏழு மாதம். நிஜமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மங்கலின் பாதியைக் கருவியின் விக்கலில் தொலைந்து போகும்படி வைத்திருந்தாள். கடைசிச் சுற்றாயிற்றே என்று கையிலிருந்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கியிருந்தாள். அதைப் போய் இவரா பிடிக்க வேண்டும்? இத்தனை வருடம் தேடியும் அப்படிப்பட்ட உண்மைக் கிரகம் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான் கிடைத்திருக்கிறது. அவர் பாடிக்கொண்டு வருகிற கிரகம் தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

சொல்லிவிடலாம் என்றால் சல்லடைக் கணக்கே பாழ். சொல்லாமல் இருக்கலாம் என்றால் மனசு கேட்கவில்லை. பெட்டி திறக்கிற நாளில் எல்லார் முன்னாலும் வீட்டுச் சமையல் என்று சிரிப்பார்களே, இது கடைசியாயிற்றே, இதற்கப்புறம் ஈடுகட்ட இன்னொரு சுற்று இல்லையே என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு என்ன செய்ய முடியும்? அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலை வாரத்தில் மூன்று நாள் செய்தாள். அவர் பேப்பர் படிக்கும்போது குறுக்கே பேசாமல் இருந்தாள். சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள், அது அறுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"என்னம்மா, அப்பாவுக்கு மட்டும் ராஜ மரியாதை நடக்குது?" என்று மகள் கேட்டாள்.

"உனக்கும்தான் வறுவல் போட்டேன். வாயை மூடிக்கிட்டு சாப்பிடு."

அந்த வாரத்திலேதான் அது நடந்தது. நடந்தது என்று சொல்லக்கூட முடியாது, நடக்காமல் போனது. அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலின் மேல் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான் போடுகிறார், அவள் திட்டிக்கொண்டேதான் எடுக்கிறாள். மெத்தை நனைகிறது, போர்வை நாறுகிறது, கொடி எதற்கு இருக்கிறது, கண் எதற்கு இருக்கிறது என்று வரிசையாக வரும். அன்று அவள் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டு, "டீ தரட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கொடு" என்றார்.

மறுநாளிலிருந்து குளியலறையில் பாட்டு இல்லை. தொண்டை கட்டியிருக்கும் போல என்று அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

பெட்டி திறக்கிற நாளில் எல்லாரும் பெரிய அறையில் கூடினார்கள். பிஸ்கெட், டீ, கேலி என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. இரண்டு கடவுச்சொல்லும் போட்டாயிற்று. தலைவி ஒவ்வொரு போலியாகத் திரையில் காட்டி, எந்த நட்சத்திரம், யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வாசித்தார். ஏமாந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவளுடைய ஏழு மாதக் கிரகம் வந்தது. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அதைப் பார்த்தது ஜன்னல் ஓரத்து மேஜைக்காரர்கள் மூன்று பேர். மூன்று பேரும் கிரகம் என்று போட்டு ஏமாந்திருந்தார்கள். அவர் பெயர் அதில் இல்லவே இல்லை. அந்த நட்சத்திரம் அவர் மேஜைக்கே போகவில்லை.

அறை சிரித்தது. அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"போலி எல்லாம் முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறதெல்லாம் நிஜமா வானத்துலேருந்து வந்தது" என்றார் தலைவி. கிரகம் என்று பெயர் வாங்கியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சூடானவை, பெரியவை, வாயு உருண்டைகள். ஏழு மாதத்தில் சுற்றுவது எதுவும் அதில் இல்லை.

வீடு திரும்பும்போது இருவரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டில்தான் ஆபீஸ் பேச்சுக்குத் தடை, பேருந்தில் இல்லை.

"நீங்க பார்த்தது என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டாள்.

"முதல்ல கிரகம்னுதான் போட்டேன். மத்த ரெண்டு பேரும் சந்தேகம்னு போட்டிருந்தாங்க. கடைசி நாள்ல நானும் சந்தேகம்னு மாத்திட்டேன். மூணு பேரும் சந்தேகம்னா அது பட்டியலுக்கு வராது."

"ஏன் மாத்தினீங்க? கோட்டுல ஏதாவது குறை பார்த்தீங்களா?"

"கோட்டுல ஒரு குறையும் இல்லை."

"அப்புறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ துண்டுக்குத் திட்டலை" என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேருந்து என்பதால் அடக்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு அவள் வருடக்கணக்கில் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதற்காக விடை என்று எழுதாதே. இவள் ஏழு மாதம் என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, அவர் பார்த்த நட்சத்திரம் எது என்றுகூடத் தெரியாமல், தன்னுடையது என்று முடிவுகட்டிவிட்டாள். அவர் இவளுடைய தப்பான விடையைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார். இருவரும் சேர்ந்து, இருக்கிற ஒரு கிரகத்தை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள்.

"அது அடுத்து எப்போ குறுக்கே போகும்?"

"மூணு வாரத்துல. அதை விட்டா ஏழு மாசம் கழிச்சு, அப்போ அந்தப் பக்கம் சூரியன் வந்துடும், ஒண்ணும் பார்க்க முடியாது. அதுக்கப்புறம் சந்தேகம்னு போட்டதுக்கு யாரு நேரம் ஒதுக்கப் போறாங்க?"

விண்ணில் இன்னொரு பெரிய தொலைநோக்கி இருந்தது. கண்டுபிடித்ததை உறுதிசெய்ய அதில்தான் நேரம் வாங்க வேண்டும். அதற்கான பட்டியல் மறுநாள் போகிறது. பட்டியலில் சேர ஒரே வழி, அவருடைய முதல் முடிவு திரும்ப நிற்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து மாற்றிய முடிவை யாரும் திரும்ப வாங்க முடியாது. வெளியிலிருந்து ஏதாவது கசிந்து, அதனால் மாற்றியதென்றால் மட்டும் முதல் முடிவு செல்லும். கசியவிட்டவரிடம் அப்புறம் பெட்டி இருக்காது. அடுத்து மேலே போகவிருந்த புதிய தொலைநோக்கிக்கும் அவள்தான் கலப்படக்காரி என்று முடிவாகியிருந்தது. மேல்தளத்தில் அவளுக்கென்று பெரிய அறைகூடப் பார்த்துவிட்டார்கள்.

"வேண்டாம். நீ அங்க போய் எதையும் சொல்லக் கூடாது. உன் வேலையைக் கொடுத்து எனக்கு ஒரு கிரகம் வாங்கணுமா?" என்றார் அவர், இறங்குகிற இடம் வந்ததும்.

அவள் எழுந்து அவருக்கு முன்னால் இறங்கி நடந்தாள். காலையில் அவருக்கு முன்னாலேயே கிளம்பிப் போய், தலைவியின் அறைக்கு வெளியே நின்றாள்.

தலைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சொல்லலை மேடம். திட்டலை."

"என்ன திட்டலை?"

"ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டாரு. எப்பவும் திட்டுவேன். அன்னைக்குத் திட்டலை. அது போலின்னு நான் நினைச்சுப் பரிதாபப்பட்டேன், அதை அவர் பார்த்துட்டாரு."

தலைவிக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. "இதை நான் எழுதினா உங்க கையில பெட்டி இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"உங்களை மாதிரி செய்ய வேற ஆள் இல்லை."

"இருக்கலாம் மேடம். ஆனா இல்லாததை இருக்குன்னு காட்டுறதுதான் என் வேலை. இருக்கிறதை இல்லைன்னு ஆக்குறது இல்லை. அந்தக் கிரகத்தை அப்படியே விட்டுட்டு அந்தப் பெரிய ரூம்ல போய் என்னால உட்கார முடியாது."

தலைவி கறாரான மனுஷி. கணவருடைய முதல் முடிவைத் திரும்பப் போட்டார். அந்தத் துண்டு நாளுக்குப் பிறகு அவர் பார்த்த மற்றவை அத்தனையையும் வேறு ஆளிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். ஏழு மாதக் கிரகம் பட்டியலின் கடைசி வரியில் ஏறியது. பெட்டியும் கடவுச்சொல்லும் அன்றைக்கே கைமாறின. அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள், சரிபார்ப்பவளாக, கதவோரத்தில் ஒரு மேஜை. பெரிய அறை போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை என்று நான் சொன்னால் பொய். அன்று மதியம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் இரண்டு நாள் பேசவில்லை. கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மூன்று வாரமும் வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள். துண்டு தவறாமல் கொடியில் தொங்கியது.

பெரிய தொலைநோக்கியின் அளவுகள் ஒரு மதியம் வந்தன. தலைவியே கீழே இறங்கி வந்தார். சொன்ன நேரத்துக்கு வெளிச்சம் மங்கியிருந்தது, எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவு. பூமியைவிடக் கொஞ்சம் பெரிய கிரகம், இதமான தூரம். காற்று உண்டா, தண்ணீர் உண்டா, அதெல்லாம் இனிமேல் யாராவது பார்க்க வேண்டியது. அறை கைதட்டியது. வீட்டுச் சமையல் என்று கேலி செய்தவர்கள் வந்து அவர் முதுகில் தட்டினார்கள். அவர் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்துகொண்டார். கதவோர மேஜையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்தது ஆரஞ்சு நட்சத்திரம், இதுவும் ஆரஞ்சு நட்சத்திரம். இது அவள் செய்ததைவிடக் கொஞ்சம் சிறியதாக, இன்னும் நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். வேண்டுமென்று போடவில்லை, தலைகால் புரியாத சந்தோஷத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

அவள் உள்ளே வந்து பார்த்தாள். மெத்தையில் ஆரம்பித்தாள். போர்வைக்கு வந்தாள், கொடி எதற்கு என்று கேட்டாள், கண் எதற்கு என்று கேட்டாள். அத்தனை வாரத்துப் பாக்கியும் அதில் இருந்தது. பக்கத்து அறையில் மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்போ அது உன்னோடது இல்லை" என்றார்.

"இல்லைங்க" என்று சொல்லி அவள் துண்டை எடுத்தாள். "அது உங்களோடது."